கல்லில் எண்ணிய தொண்ணூற்றாறு பேர்

“நூத்திப் பன்னெண்டுல இருந்து நூத்தி முப்பத்தொண்ணு வரைக்கும். இருபது வீட்டு நம்பர். அதை எங்களுக்குத் திருப்பிக் குடுங்க.”

மெலானி போடோஷ் இதை நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போட்சாஷ் கிராமத்தின் மேயர் எர்னோ சோமொடி காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் செயலாளர் பிரோஷ்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். முத்திரைக் கட்டை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றுபோனது.

ஊருக்கு வெளியே ரோமா மக்கள், ஊர்க்காரர்கள் வாயில் ஜிப்சிகள், குடியிருக்கும் களிமண்குழியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. ஊர்க்காரர்களிடம் விறகு கேள், பழைய சட்டை கேள், வேலை கேள். வீட்டுக்கு நம்பர் மட்டும் கேட்காதே. ஒருவர் கேட்டார், மெலானியின் பெரியப்பா குஸ்தாவ். அது கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக் காலம். டெலிவிஷன் வாங்க வேண்டும், படிவத்தில் வீட்டு எண் எழுத வேண்டும் என்று இதே அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். அளக்க ஆட்கள் வந்தார்கள். நாலு மூலையும் அளந்துவிட்டு, இந்த இடத்தில் வீடே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். இல்லாத வீட்டை இடிக்க மறுவாரம் புல்டோசர் வந்தது. அன்றிலிருந்து குழியில் யாரும் நம்பர் கேட்டதில்லை.

இன்று காலையில்கூட மெலானியின் அம்மா கிசெல்லா அடுப்புக்குக் கட்டை வைத்தபடி அதையேதான் சொன்னாள். “மேயரோட புஸ்தக வேலை முடிஞ்சுதா, குடுத்துட்டு வா. வேற வாயைத் திறக்காத. நீ படிச்சவ, உனக்கு எங்கயாவது போக்கிடம் இருக்கும். எங்களுக்கு இந்தக் குழிதான்.”

குழியிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் மெலானி. வரலாறு படித்தாள். வீட்டுக்கு நம்பர் இல்லாத காரணத்தால் அவளுடைய அடையாள அட்டையில் முகவரி என்ற இடத்தில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். தபால் எல்லாம் கிராம அலுவலகத்துக்கு வரும். இடம் கிடைத்துவிட்டது என்று பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம் பிரோஷ்காவின் இழுப்பறையில் பதினோரு நாள் கிடந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் தற்செயலாகக் கிடைத்தது. “அட, இது உனக்கா? ஏதோ அபராத நோட்டீஸ்னு நெனச்சேன்” என்றாள் பிரோஷ்கா. அந்தப் பதினோரு நாளை மெலானி மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

எர்னோ சோமொடி கரண்டியைத் தட்டி வைத்தார்.

“என்ன நம்பர் கண்ணு?”

“எங்க வீட்டு நம்பர்.”

“குழியில ஏதும்மா வீடு?” அவர் பிரோஷ்காவைப் பார்த்துச் சிரித்தார். “படிக்க அனுப்பினா இப்படித்தான். நேத்து வரைக்கும் பன்னி மேய்ச்ச இடத்துக்கு இன்னிக்கு விலாசம் கேக்குது.”

“பன்னி இருந்தா எங்களுக்கு எதுக்கு உங்க வேலை, எர்னோ மாமா? உக்காந்து சாசேஜ் தின்னுட்டு இருப்போம்.”

பிரோஷ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேயர் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் மெலானியை இந்த அறைக்கு அழைத்தவரே அவர்தான். புத்தகம் போடுகிறார். ‘பழைய கெமர் மாவட்டத்தில் போட்சாஷ்: வரலாறும் மக்கள்தொகையும்’. அந்த மாவட்டம் செத்து நூறு வருடம் ஆகிறது. ஹங்கேரி போனது, எல்லைக்கோடு தெற்கே நகர்ந்தது, ஊர் வேறொரு நாட்டுக்குள் வந்தது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் கெமர் மாவட்டம் என்று ஓர் அலுவலகமோ ஒரு முத்திரையோ கிடையாது. எர்னோ சோமொடியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மட்டும் அது இன்னும் உயிரோடு தொங்குகிறது, கண்ணாடி போட்ட வரைபடமாக. போட்சாஷ் இருக்கும் இடத்தில் அவரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா கெடியோன் சோமொடி அந்த மாவட்டத்தில் கிராம நோட்டரி, ஊர்ப் பதிவேடுகளை எழுதும் அதிகாரி. 1910 கணக்கெடுப்பில் வீடுவீடாகப் போய் எழுதியவர். மேலே அனுப்பியது போக, தனக்கென்று ஒரு பிரதி எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். குடும்பச் சொத்து. ஈஸ்டருக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் எர்னோ அதை எடுத்துக் காட்டுவார். காட்டுவது கடைசிப் பக்கத்தின் கூட்டுத்தொகையை. மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தெட்டு பேர். ஹங்கேரியர் முந்நூற்று ஒன்று. ஸ்லோவாக்கியர் இருநூற்று நாற்பது. மற்றவர் ஏழு.

இந்த ஊர் எப்போதும் எங்கள் ஊர்தான் என்று ஊராட்சியில் உட்கார்ந்திருக்கும் ஸ்லோவாக்கியர்கள் சொல்லும்போதெல்லாம் அவர் சொல்லும் பதில் அந்த முந்நூற்று ஒன்று. தேவாலயத்துக்கு எதிரே கருங்கல் நட்டு அதைப் பொன்னெழுத்தில் வெட்டிவிட்டார். சனிக்கிழமை திறப்பு விழா. புத்தகமும் அன்றைக்குத்தான்.

பழைய கையெழுத்தைப் படிக்க ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. நகரத்துப் பேராசிரியர்கள் வந்தால் விளக்கம் கேட்பார்கள், பெயர் போடச் சொல்வார்கள். குழிப்பெண் ஒருத்தி படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டால் போயிற்று. நாற்பத்தொரு பக்கம். மெலானி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தட்டச்சு செய்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தை இப்போது அவள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வாசிக்கட்டா?”

“நேரமில்லம்மா. கல்லுக்குத் துணி போர்த்தணும், பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லணும்...”

“ரெண்டு வரிதான்.” அவள் குனியாமலே வாசித்தாள், மனப்பாடம் ஆகியிருந்தது. “எண் நூற்றுப் பதினெட்டு. பார்னா போடோஷ், செங்கல் அறுப்பவன். மனைவி ரெபேகா. குழந்தைகள் ஐந்து. வீடு களிமண், ஒரு அறை. சொந்தம். குறிப்பு: ஜிப்சி. ஹங்கேரிய மொழி பேசுகிறான். ஹங்கேரியனாகக் கொள்ளவும்.”

அவள் விரலை அந்த வரியிலிருந்து பக்கத்தின் அடிவரை இறக்கினாள்.

“இது மாதிரி இருபது வீடு. எல்லாக் குறிப்பும் இதேதான், ஹங்கேரியராகக் கொள்ளவும். கூட்டினா தொண்ணூத்தாறு பேர். உங்க முந்நூத்தி ஒண்ணுல இருந்து தொண்ணூத்தாறைக் கழிங்க.”

எர்னோ கழிக்கவில்லை. பிரோஷ்கா கழித்தாள். அவளுடைய உதடு அசைந்தது, பிறகு அசையவில்லை.

“இருநூத்தி அஞ்சு,” என்றாள் மெலானி. “ஸ்லோவாக் ஆளுங்க இருநூத்தி நாப்பது. உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஆள் பத்தல. குழிக்கு வந்தார். ஆள் கெடச்சுது. ஆனா கணக்குத் தாள்ல வீட்டு எண் இல்லாம ஆளை எழுத முடியாது. அதனால ஊர்ல நூத்திப் பதினொண்ணோட முடிஞ்ச நம்பரைக் குழி வரைக்கும் நீட்டினார். நல்ல மனுஷன். எங்களுக்கு வீடு இருக்குன்னு இந்த ஊர்ல எழுதி வெச்ச ஒரே ஆள் அவர்தான்.”

“கெடியோன் தாத்தாவைப் பத்திப் பேச உனக்கு...” என்று ஆரம்பித்தார் எர்னோ.

“நான் புகழ்ந்துதானே பேசறேன்?”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாத்தும்முன் வெளியே பார்த்தார். தெருவில் ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டுக்கொண்டு கிசெல்லா இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். குழியில் பாதிப் பேருக்கு அந்த ஆரஞ்சுச் சட்டைதான் பிழைப்பு. போடுவதும் கழற்றுவதும் மேயர் கையில்.

திரும்பியபோது அவர் குரல் வேறாக இருந்தது. ஓட்டுக் கேட்கும் குரல்.

“சரி, உனக்கு என்னதான் வேணும்?”

மெலானி இன்னொரு காகிதத்தை எடுத்து முதல் காகிதத்தின் மேல் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்ட இடிப்பு உத்தரவு. களிமண்குழியில் வாகனம் நிறுத்தும் இடமும் மிதிவண்டிப் பயணிகளுக்கு ஒரு கூடாரமும் வரப்போகின்றன. மாதக் கடைசிக்குள் இருபத்திரண்டு கட்டுமானங்களை அகற்ற வேண்டும். காரணம்: ‘எக்காலத்திலும் எண் பெற்றிராதவை.’

“எக்காலத்திலும்னு எழுதியிருக்கீங்க. நூத்திப் பதினெட்டுல இப்ப எங்கம்மா இருக்கா. அதே இடம், அதே கெணறு. இந்த உத்தரவைக் கிழிங்க. பழைய நம்பரை வீட்டுல மாட்டுங்க. அவ்வளவுதான்.”

“இல்லன்னா?”

“கல்லுல இருக்கறது பொய்யின்னு ஆகும். இல்ல, உத்தரவுல இருக்கறது பொய்யின்னு ஆகும். ரெண்டும் நெஜமா இருக்க முடியாது. எண்ணும்போது நாங்க உண்டு, இடிக்கும்போது நாங்க இல்லையா?”

“மெரட்டறியாடி?” என்று பிரோஷ்கா குறுக்கே வந்தாள். “யாரு சோறு போட்டா உனக்கு? ஒவ்வொரு கணக்கெடுப்பு வருஷமும் மேயர் வந்து குலாஷ் ஆக்கிப் போடலையா குழியில?”

அது உண்மைதான். பத்து வருடத்துக்கு ஒரு தடவை, கணக்கெடுப்பு வரும்போது, ஊரிலிருந்து பெரிய கொப்பரை ஒன்று களிமண்குழிக்கு இறங்கி வரும். மேயரே ஏப்ரன் கட்டிக்கொண்டு மாட்டிறைச்சியும் மிளகாய்ப்பொடியுமாகக் குலாஷ் கிளறுவார். தட்டை நீட்டுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: தாய்மொழி என்ற இடத்தில் ஹங்கேரியம், இனம் என்ற இடத்தில் ஹங்கேரியர். கணக்குக் குறைந்தால் ஊர் முகப்பில் இருக்கும் ஹங்கேரியப் பெயர்ப்பலகை இறங்கிவிடும். சென்ற தடவை எல்லாம் கணினியில். பிரோஷ்கா கொப்பரைக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அவளே தட்டினாள். தட்டு நிறைந்தது, பட்டன் விழுந்தது. ரோமா என்று போடச் சொன்ன மெலானியிடம், “அப்படி ஒரு பட்டன் இதுல இல்லம்மா” என்றாள். மெலானி எட்டிப் பார்த்தாள். பட்டன் இருந்தது.

“பத்து வருஷத்துக்கு ஒரு வேளை சோறு,” என்றாள் இப்போது. “அதையும் எண்ணித்தான் போட்டீங்க, பிரோஷ்கா அத்தை. கொப்பரையில எலும்புதான் இருந்துச்சு.”

“நன்றி கெட்ட சாதி!”

“பிரோஷ்கா, சும்மா இரு,” என்றார் எர்னோ. கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கை தட்டினார். “கிசெல்லா! இங்க வா கொஞ்சம்!”

இதை மெலானி எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கிசெல்லா முற்றப்பக்கக் கதவு வழியாக வந்தாள். குழிக்காரர்கள் எல்லாரும் அந்தக் கதவுதான். துடைப்பத்தை வெளியே சாய்த்துவிட்டு, சேறு படிந்த பூட்ஸ் கம்பளத்தைத் தொடாமல் வாசற்படியிலேயே நின்றாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மேசைமேல் காகிதத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்க ஐயா. சின்னப் புள்ள. தெரியாம...”

“அம்மா, மன்னிப்புக் கேக்காத.”

“நீ வாயை மூடு!”

“உக்காரு கிசெல்லா,” என்றார் மேயர். அவள் உட்காரவில்லை. “உன் மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. இருபது வருஷமாத் தெரு கூட்டற. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வாத்தியார் வீடு காலியா கெடக்கு, தெரியும்ல? குளியலறை இருக்கு, உள்ளயே. நம்பர் அம்பத்தி நாலு. அது உனக்கு. உன் நெஞ்சு சளிக்கு நல்லது, ஈரம் கெடையாது. பொண்ணுக்கு இங்கயே வேலை, புஸ்தகத்துல பேரு. குழி வீடுங்க வர்ற கடைசி நாலு பக்கத்தை மட்டும் அவ எடுத்துடணும். கூட்டுத்தொகை இருக்கட்டும், பேரு எதுக்கு? ஊர்ச் சண்டை எதுக்கு?”

கிசெல்லாவின் கண் ஒருமுறை மின்னியதை மெலானி பார்த்தாள். உள்ளேயே குளியலறை. ஐம்பத்தாறு வயதில் பனிக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறும் அம்மா. அந்த ஒரு மின்னலுக்காகவே எர்னோ சோமொடியை ஏழு தலைமுறைக்குச் சபிக்கலாம் என்று தோன்றியது. மற்றவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் புல்டோசர்.

கிசெல்லா மகளிடம் மெல்லக் கேட்டாள்.

“அதுல நம்ம வீடு எத்தனாம் நம்பர்?”

“நூத்திப் பதினெட்டு.”

“சொந்தம்னா போட்டிருக்கு?”

“சொந்தம்னுதான்.”

“நூத்திப் பதினெட்டு,” என்று கிசெல்லா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் சுடுசோறு மாதிரி அதை இப்படியும் அப்படியும் உருட்டினாள். பிறகு மேயரிடம் திரும்பி, “தெரு இன்னும் பாதி கெடக்குங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துடைப்பம் மறுபடி உரசும் சத்தம் கேட்டது, முன்னைவிட வேகமாக.

“உங்கம்மாவுக்குப் புத்தி இருக்கு,” என்றார் எர்னோ. “யோசிக்கப் போயிருக்கா. நீயும் யோசி. கண்ணு, நானும் நீயும் ஒரே மொழி பேசறோம். நீ இதை வெளிய விட்டா சிரிக்கப்போறது யாரு? ஸ்லோவாக் ஆளுங்க. இந்த ஊர்ல ஹங்கேரிங்கற பேரே போயிடும். அதுக்கா படிச்ச?”

“ஒரே மொழி பேசறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? பள்ளிக்கூடத்துல என்னைத் தனி பெஞ்சுல உக்கார வெச்சப்ப நானும் அந்த மொழிதான் பேசிட்டிருந்தேன்.”

“அசல் நோட்டு எங்கிட்ட இருக்கு.” குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது. “எங்க வீட்டு நோட்டு. இன்னிக்குச் சாயந்திரம் அடுப்புல போட்டாக் கேக்க ஆளில்ல. உன் கையில இருக்கறது நீயே தட்டின காகிதம். ஒரு ஜிப்சிப் பொண்ணு தட்டின காகிதத்தைக் கோர்ட்டு நம்புமா?”

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இந்த வாக்கியத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ‘எர்னோ மாமா, எர்னோ மாமா’ என்று இந்த அறைக்கு வந்து போனாள். முப்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினாள். பின்பக்கத்தில் கிராம அலுவலகத்தின் வட்ட முத்திரை. கீழே கையெழுத்து.

“நோட்டு எங்க வீட்டு நோட்டுன்னு எல்லாரும் நம்பணும், புஸ்தகத்துல போட ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துச் சான்றொப்பம் வெச்சிடுன்னு நீங்கதான் சொன்னீங்க. நோட்டோட படம் ஒரு பக்கம், நான் தட்டினது ஒரு பக்கம். அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. பிரோஷ்கா அத்தை போன வாரம் நாப்பத்தொரு பக்கத்துக்கும் குத்தினாங்க. ரெண்டு செட்டு.”

எர்னோ மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

“நீ படிச்சுப் பாக்கலையா?”

“நான்... எல்லாம் கிறுக்கலா இருந்துச்சு...” பிரோஷ்காவின் கழுத்து சிவந்தது. “நீங்க சீக்கிரம் சீக்கிரம்னீங்க...”

“போன்ல அக்காகிட்ட கசகசா கேக் பக்குவம் சொல்லிட்டே குத்தினாங்க,” என்றாள் மெலானி. “நான் ஒவ்வொரு பக்கமா எடுத்து வெச்சேன். தேங்க்ஸ் அத்தை. பதினோரு நாள் என் கடுதாசியை வெச்சிருந்தீங்கல்ல? இதுல நீங்க ஒரு நிமிஷம்கூட வெச்சுக்கல.”

பிறகு அவள் சட்டைப்பையிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து அவர் காப்பிக் கோப்பைக்குக் கீழே செருகினாள். நேற்றுத் தேதி போட்ட ரசீது. மாவட்ட நீதிமன்றத்தில் இடிப்புக்குத் தடை கேட்டு மனு. இணைப்பு, சான்றொப்பமிட்ட நாற்பத்தொரு பக்கம்.

எர்னோ அதை இரண்டு தடவை படித்தார்.

“நேத்தே குடுத்துட்டியா? அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்து கேட்ட?”

“எங்க ஆளுங்க யாரும் இதை உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டதில்ல. நான் கேக்கணும்னு இருந்துச்சு. எங்களுக்கு நீங்க எவ்வளவு விலை வைப்பீங்கன்னும் பாக்கணும்னு இருந்துச்சு. ஒரு குளியலறை.”

“உங்கம்மாவோட வேலையை நாளைக்கே...”

“எடுங்க. அந்தச் சட்டையை அவ துவைச்சுக் குடுப்பா.” அவள் ரசீதில் இருந்த தேதியைத் தொட்டுக் காட்டினாள். “ஆனா கோர்ட்டு கேக்கும், மனு போட்ட கையோட ஏன் எடுத்தீங்கன்னு. பதிலை இப்பவே எழுதி வெச்சுக்குங்க, மேயர் ஐயா.”

மாமா போய் ஐயா வந்ததை அவர் கவனித்தார். முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ இறங்கிப்போயிருந்தது. சுவரில் தொங்கிய மாவட்டத்தின் சிவப்புப் புள்ளி அவர் காதுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

“சனிக்கிழமை விழாவை மட்டும் விட்டுடு,” என்றார். முதல்முறையாகக் கெஞ்சினார். “கோர்ட்டுல பாத்துக்கலாம். புடாபெஸ்ட்ல இருந்து ஆளுங்க வர்றாங்க. கல்லைத் தொடாத.”

“தொட மாட்டேன். கல்லு அப்படியே இருக்கட்டும். முந்நூத்தி ஒண்ணு. அதுல எங்களை எண்ணியிருக்கீங்க. எண்ணினா வரணும்ல? வர்றோம். குழி மொத்தமும். குளிச்சு, நல்ல துணி போட்டு, முன்வரிசையில நிப்போம். பேண்டு வாசிச்சு முடிஞ்சதும் நூத்திப் பன்னெண்டுல இருந்து ஒவ்வொரு பேரா நான் வாசிப்பேன், ரெண்டு மொழியிலயும். ஸ்லோவாக் ஆளுங்களுக்கும் புரியணும்.”

“மெலானி...”

“கொப்பரையை எடுத்துக் கழுவி வைங்க. இந்தத் தடவை எலும்பு போடாதீங்க.”

காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். ரசீதை மட்டும் கோப்பைக்குக் கீழேயே விட்டாள். அவளிடம் பிரதி இருந்தது. பிரோஷ்கா பழக்கத்தில் முற்றப்பக்கக் கதவைத் திறந்துவிட எழுந்தாள். மெலானி அந்தப் பக்கம் போகவில்லை. குழிச் சேறு அப்பிய பூட்ஸோடு கம்பளத்தின் நடுவே நேராக நடந்து, கல்யாணத்துக்கும் மந்திரிகளுக்கும் மட்டும் திறக்கும் தெருப்பக்கக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தாள். அது முரண்டியது. தோளைக் கொடுத்தாள்.

வெளியே கிசெல்லா துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். மெலானி கதவைச் சாத்தாமல் படியிறங்கினாள்.